உன் மாமா யாருடைய தோளில் கை வைத்தான்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினாறு வயது. வீட்டில் எல்லோரும் நித்திரை. அடுப்புக்கு மேலே புகையை இழுக்கிற பெட்டியில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. அதை மட்டும் போட்டுக்கொண்டு, குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு ஊரிலிருந்து வருகிற கடிதங்கள் எல்லாம் 'அன்பு மகனுக்கு' என்றுதான் தொடங்கும். முதலில் என்ன நடந்தது என்று சொல்வார்கள், பிறகு புத்திமதி சொல்வார்கள். அப்பா அவற்றை எங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். எனக்கு வேறு விதமாகக் கடிதம் எழுதத் தெரியாது. அதோடு, இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கிறது. உனக்கு மட்டும்தான் இன்னும் இல்லை. நீ வளர்ந்து, வேலைக்குப் போய், தனியாக வீடு எடுத்து இருக்கிற ஒருவன் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மகனாக இல்லாமல் மகளாக வந்தாலும் பரவாயில்லை, இதை நீதான் வாசிக்க வேண்டும்.

உனக்கு ஒரு மாமா இருக்கிறான். பெயர் சுதன். என்னைவிட மூன்று வயது மூத்தவன். மாமா என்று எழுத எனக்கே சிரிப்பு வருகிறது. மாமா என்றால் வண்டி வைத்து, மீசை வைத்து, கலியாண மண்டப வாசலில் நின்று 'வாங்கோ வாங்கோ' என்று சொல்கிறவர் அல்லவா? இவன் வரவேற்பறைச் சோபாவில், கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, முகத்தைத் தலையணைக்குள் புதைத்துப் படுத்திருக்கிறான். இரண்டு அறை உள்ள அப்பார்ட்மென்ட். ஒன்று அம்மா அப்பாவுக்கு, ஒன்று எனக்கு. நான் இருக்கிற இடத்திலிருந்து அவனுடைய முதுகு தெரிகிறது. அது ஏறி இறங்குகிறதா என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை பார்க்கிறேன். இப்போதும் பார்த்தேன். ஏறி இறங்குகிறது.

போன வருடம் அவன் பின்னேரங்களில் ஒரு பொருட்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே கிறேக் என்று ஓர் ஆஸ்திரேலியாக்காரன். மேல் தட்டிலிருந்து சரிந்து விழுந்த ஒரு பெட்டியை அண்ணா எட்டிப் பாய்ந்து அந்தரத்தில் பிடித்ததைக் கண்டுவிட்டு, 'சனிக்கிழமை என்னோடு வா' என்றானாம். போனவன் முழங்கால் உரிந்து, முட்டை மாதிரி நீண்ட ஒரு சிவப்புப் பந்தோடு திரும்பி வந்தான். அம்மா அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னடா தம்பி, பந்தோ பனங்காயோ?" என்று கேட்டார். ஆஸ்திரேலியாவில் அதுதான் புட்போல் என்று அண்ணா சொன்னான். ரொறன்ரோவில் அதை விளையாட நாலைந்து அணிகள்கூட இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

பிறகு மெல்பேர்னில் இருக்கிற பெரியம்மா ஒரு வீடியோ கசற் அனுப்பினார். எங்கள் டெக்கில் போட்டால் கோடு கோடாக ஓடியது. அங்கத்தைய கசற் வேறு முறையாம். பிளாசாவில் வீடியோக் கடை வைத்திருக்கிற குகன் அண்ணைதான் அதை மாற்றித் தந்தார். அவர் கலியாண வீடு, பெரிய பிள்ளையான பெண்களுக்குச் செய்கிற சாமத்திய வீடு எல்லாம் படம் எடுக்கிறவர். மாற்றும்போது முழுவதையும் பார்த்தாராம், பார்த்ததில் பைத்தியம் பிடித்துவிட்டது. அவர் ராசா அங்கிளைப் பிடித்தார். ராசா அங்கிள் யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் விளையாடி முழங்கால் போனவர், இன்றைக்கும் சாய்ந்துதான் நடப்பார். இந்த இருவரும் சேர, வெயில் காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் மூன்று வான் வண்டி நிறையத் தமிழ் ஆட்கள் மைதானத்துக்குப் போனோம். மடிக்கிற கதிரை, பிளாஸ்கில் தேத்தண்ணி, மீன் பணிஸ், றோல்ஸ். ஆஸ்திரேலியாக்காரரைவிட நாங்கள்தான் கூட. "பிடியடா! விடாதை! குத்தி உதையடா!" என்று நாங்கள் கத்துகிறபோது அவர்கள் ஆட்டத்தை விட்டு எங்களைப் பார்ப்பார்கள்.

அந்த விளையாட்டில் பந்தோடு ஓடுகிறவனை மறிக்க அவனைக் கட்டிப்பிடித்து விழுத்தலாம். அதற்கு ரக்கிள் என்று பெயர். தோளுக்குக் கீழேயும் முழங்காலுக்கு மேலேயும்தான் பிடிக்க வேண்டும். கழுத்தில் கை பட்டால் குற்றம். முதுகில் தள்ளினால் குற்றம். பிடிபட்டவன் பந்தை உடனே விடாவிட்டால் அது அவன் மேலே குற்றம். தலைக்கவசம் இல்லை. இதையெல்லாம் எங்கள் ஆட்கள் ஊர்ப்பிரச்சினை கதைக்கிற மாதிரிக் கதைத்தார்கள், பிறந்தநாள் வீடுகளிலும் கோயில் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்திலும் நின்று. நானும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன். சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை நீ மனதில் வைத்துக்கொள், பிறகு தேவைப்படும்.

போன சனிக்கிழமை ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு மைதானத்தில் அரையிறுதி ஆட்டம். அண்ணா பந்தை எடுத்துக்கொண்டு திரும்ப, செந்தாடி வைத்த ஒரு பெரிய ஆள் பக்கத்தால் வந்து, கை இரண்டையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து, அரை வட்டம் சுழற்றி நிலத்தில் போட்டான். நான் கோட்டுக்குக் கிட்ட நின்றேன். கதவை அடித்துச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நடுவர் விசில் ஊதி, அண்ணா பந்தை விடவில்லை என்று செந்தாடிக்காரனின் பக்கத்துக்குப் பந்தைக் கொடுத்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும் எழும்பி நடுவரைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார்கள். ராசா அங்கிள் கோட்டைத் தாண்டியே போய்விட்டார். நானும் நடுவரைப் பார்த்துத்தான் கத்தினேன். அண்ணா எப்போது எழும்பினான் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்த்தபோது அவன் நின்றுகொண்டிருந்தான். கடைசியில் எங்கள் பக்கம் வென்று இறுதி ஆட்டத்துக்குப் போனது.

வானில் வரும்போது அண்ணா கேட்டான், "ஆர் வெண்டது?"

"நாங்கள்தான்," என்றார் அப்பா.

"நல்லது."

பெற்றோல் அடிக்க நிறுத்தி, திரும்ப வெளிக்கிட்டதும் கேட்டான், "அப்பா, ஆர் வெண்டது?"

அப்பா பெரிதாகச் சிரித்தார். "திருப்பித் திருப்பிக் கேக்க அவனுக்கு இனிக்குது!"

அப்பா அப்படிச் சிரித்து நான் கண்டு கனகாலம். விடியப்புறம் எழும்பி வீடு வீடாகப் பேப்பர் போட்டு, பிறகு ஒரு ஹோட்டல் குசினிக்குப் போய் நிற்கிற மனிதர். கனடாவுக்கு வந்த பிறகு அவருடைய பெயரைச் சொல்லி யாரும் மெச்சி நான் கேட்டதில்லை. இப்போது பிளாசாவுக்குப் போனால், "சுதன்ர தேப்பன் வாறார், கதிரையைப் போடு" என்கிறார்கள். அதனால்தான் நானும் சிரித்தேன்.

மறுநாள் படக் கசற் திருப்பிக் கொடுக்க அப்பாவோடு குகன் அண்ணையின் கடைக்குப் போனேன். அவர் அந்த ஆட்டத்தையும் படம் எடுத்திருந்தார். கடை ரிவியில் அந்த ரக்கிளைப் போட்டு, நிறுத்தி, பின்னால் இழுத்து, மெதுவாக ஓட விட்டுக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

"வடிவாப் பாருங்கோ," என்றார் குகன் அண்ணை. ரிவிக் கண்ணாடியில் விரல் வைத்தார். "கை எங்க இருக்கு? தோளுக்குக் கீழ. சட்டப்படி இதை விடத் திறமான ரக்கிள் இல்லை."

ராசா அங்கிள் விடவில்லை. "அவன்ர கை இருக்கிற இடம் எனக்கும் தெரியுது, நான் குருடில்லை. எங்கட பெடியன்ர கை எங்க? உள்ளுக்க. ரெண்டு கையும் உள்ளுக்க எண்டால் விழுறவன் எதை ஊண்டி விழுறது? மூக்கையோ?"

"அப்ப பந்தை விட்டிருக்க வேணும்."

"விட நேரம் குடுத்தவனே? கையைக் கட்டிச் சுழட்டி எறியிறதைத் தடை செய்யோணும் எண்டுறன். சட்டத்தை மாத்தோணும்."

"நீங்கள் ஆர் அண்ணை மாத்துறதுக்கு?" என்றார் டாக்சி ஓடுகிற ஒருவர். "உப்பிடி ஒவ்வொண்டாத் தடை செய்தால் கடைசியில உது சின்னப்பிள்ளையள் கிளித்தட்டு மறிக்கிறதாத்தான் முடியும்."

கடையே சிரித்தது. "கிளித்தட்டு மறிச்சு ஆரும் மண்டை உடைஞ்சதில்லைத் தம்பி," என்று ராசா அங்கிள் சொன்னது சிரிப்பில் அமிழ்ந்துபோனது.

"ஏன், ஹொக்கிக்காரன் மாதிரித் தலையில சட்டியைப் போட்டுக்கொண்டு விளையாடலாம்தானே?" என்றார் இன்னொருவர்.

"சட்டி போட்டால் இன்னும் மூர்க்கமா இடிப்பாங்கள். நோகாது எண்ட துணிவு வரும்."

"விடுங்கோப்பா," என்றார் அப்பா. அவருடைய முகம் நிறைந்திருந்தது. "பொம்பருக்கும் ஷெல்லுக்கும் தப்பி வந்த பெடியன். உந்தப் பனங்காய் என்ன செய்யப்போகுது?"

குகன் அண்ணை மறுபடி ஓட விட்டார். இந்த முறை நிறுத்த மறந்துவிட்டார். படம் தொடர்ந்து ஓடியது. அண்ணா எழும்பினான். இரண்டடி நடந்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஓர் இடத்தில் கூடி நிற்க, அவன் அவர்களைத் தாண்டிப் போய் எதிரணிக்குள் நின்றான். அவர்களுடைய முகம் பார்க்கிற பக்கத்தைப் பார்த்து நின்றான். பிறகு, தன்னை விழுத்தின செந்தாடிக்காரனின் தோளில் கையை வைத்தான்.

"பாத்தியளே!" என்றார் டாக்சிக்காரர். "விழுத்தினவனுக்கே தோளில கை போடுறான். உதல்லோ பெரிய மனசு!"

எல்லோரும் மெச்சினார்கள். அப்பா கண்ணைத் துடைத்தார். நான் ரிவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். செந்தாடிக்காரன் அண்ணாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிநேகம் இல்லை, அவனுக்கு ஏதோ விளங்கவில்லை. அண்ணா அவனை மன்னிக்கவில்லை, மகனே. தான் எந்த அணி என்று அண்ணாவுக்குத் தெரியவில்லை. வானில் இரண்டு தரம் கேட்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்த்தோம். அவர்கள் கையைப் பார்த்தார்கள். சட்டம் கையைப் பற்றித்தான் சொல்கிறது.

சரி, எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூச்சு இருக்கிறது. தொட்டுப் பார்க்க நினைத்து, தொடாமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தபோது குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே அவன் ஓங்காளித்துச் சத்தி எடுக்கிற சத்தம். கதவைத் தட்டினேன். திறந்து என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். முகம் மெழுகு மாதிரி இருந்தது. விளக்கைப் போட விடவில்லை.

"எடியே, ஆருக்கும் சொல்லப்படாது."

"டொக்டரிட்டப் போ அண்ணா."

"போனால் விளையாடாதை எண்டுதான் சொல்லுவார். சனிக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு ஆக்கள் பாக்க வருகினம். மெல்பேர்னுக்குப் போற ரீமுக்கு ஆள் எடுக்கினமாம். என்ர பேரையும் கிறேக் குடுத்திருக்கிறான். என்ர வாழ்க்கையில ஒருக்காத்தான் உது வரும்."

"தலை இடிக்குதே?"

"கொஞ்சம். அம்மாவாணைச் சொல்லு, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு."

"ஏன் அம்மாவை இழுக்கிறாய்?"

"சொல்லு!"

"அம்மாவாணை," என்றேன். அந்த நேரம் பார்த்துக் குசினியில் அம்மா தும்மினார். கதவைத் திறந்து அம்மாவை எட்டிப் பார்த்தேன். உனக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நீ பிறக்கிற காலத்தில் அம்மாவின் தலைமேல் சத்தியம் வாங்குகிற வழக்கம் இருக்குமோ தெரியாது. எங்களுக்குள் அதை மீறினால் அம்மாவுக்கு ஏதாவது வரும். நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் இந்த வாரம் முழுவதும் அம்மா ரோட்டைக் கடக்கிறபோது பின்னால் நின்று பார்த்தேன்.

அம்மா முட்டாள் இல்லை. அவன் சோற்றை அளைவதையும், ரிவி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குவதையும் கண்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை குடும்ப டொக்டரின் இடத்துக்குப் போன் பண்ணி, மறுநாளுக்கு நேரமும் எடுத்துவிட்டார். எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியாது. நான் வாய் திறக்கத் தேவையில்லை, சத்தியமும் மீறாது. அன்றைக்குப் பின்னேரம் அப்பா, கடையில் படம் போட்டுப் பார்த்த கதையை அம்மாவுக்குச் சொன்னார். அம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"என்ன மனுசரப்பா நீங்கள்? அத்தினை பேர் நிண்டு, பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தால் எத்தினை கண் படும்! ஒருக்காப் பாத்தாலே தாங்காது, இது இழுத்து இழுத்தெல்லோ பாத்திருக்கிறியள்."

நாவூறு கழித்துப் பார்ப்பது என்று முடிவானது. உனக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து, கண் பட்டவனை இருத்தி மூன்று முறை தலையைச் சுற்றி, நெருப்பில் போடுவார்கள். மிளகாய் எரிந்தால் நெடி வரவேண்டும். எல்லோரும் இருமித் தும்மினால் நாவூறு இல்லை. நெடியே வராவிட்டால் அத்தனையும் நாவூறு, அது மிளகாயோடு எரிந்து போய்விட்டது என்று அர்த்தம். எங்களுக்கு நெருப்பு என்பது மின்னடுப்பின் மேலே ஒரு பழைய தாச்சி. போன மாரியில் அம்மா மீன் பொரித்த புகைக்கு அலாரம் அடித்து, இந்தக் கட்டிடம் முழுவதும் சறத்தோடும் இரவுச் சட்டையோடும் பனிக்குள் இறங்கி நின்றது. சூப்பரின்டென்ட் எல்லோருக்கும் முன்னால் எங்களைக் கண்டபடி பேசினார். அன்றிலிருந்து அடுப்பில் புகைகிற எதுவானாலும் விசிறியைப் போடுவது என் வேலை. அம்மா அண்ணாவின் தலையைச் சுற்றிக்கொண்டிருக்க, நான் அடுப்புக்கு மேலே உள்ள இந்தப் பெட்டியின் விசிறியைக் கடைசி வேகத்துக்குத் திருப்பினேன். பல்கனிக் கதவையும் கொஞ்சம் திறந்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது.

மிளகாய் கறுத்து எரிந்தது. ஒரு தும்மல் இல்லை.

"பாத்தியே பிள்ளை!" என்றார் அம்மா. கண் கலங்கியிருந்தது. "ஒரு நெடி இல்லை. ஒரு மணம் இல்லை. என்ர பிள்ளைக்கு எவ்வளவு நாவூறு பட்டிருக்குது!" அண்ணாவின் நெற்றியில் விபூதி பூசி, முகத்தை இரண்டு கையாலும் தடவினார். அவன் அம்மாவின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தான். "இனிப் பயமில்லை. எல்லாம் கழிஞ்சுது. சனிக்கிழமை என்ர பிள்ளை நல்லா விளையாடும்."

விடிய அம்மா போன் பண்ணி டொக்டரின் நேரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

விசிறி எனக்கு எதிரேதான் இருக்கிறது. இப்போது சும்மா இருக்கிறது. அன்றைக்கு 'அம்மா, விசிறி ஓடுது, அதுதான் நெடி இல்லை' என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அதற்குச் சத்தியம் தடையில்லை. ஆனால் அம்மாவின் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அவரை மறுபடி பயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணமும் இருந்தது, அதையும் எழுதுகிறேன்: ஒரு நிமிடம் நானும் நம்பினேன். நம்ப விரும்பினேன்.

புதன்கிழமை விடியப்புறம் அண்ணா வழமைபோல அப்பாவோடு பேப்பர் போடப் போனான். இரண்டு வருடமாக நடக்கிற தெரு. ஒரே வீட்டு வாசலில் மூன்று பேப்பர் போட்டுவிட்டு, அடுத்த ஒழுங்கைக்குள் வழி தெரியாமல் நின்றானாம். "ஆரோ பெட்டையை நினைச்சுக்கொண்டு நடக்கிறான்," என்று அப்பா அம்மாவுக்குச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்தான்.

வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தாதி வருகிற நாள். என் சிநேகிதியின் அண்ணாவுக்கு என்று தொடங்கிக் கேட்டேன். சத்தி எடுத்தாரா என்றார். ஓம். வெளிச்சம் பிடிக்கவில்லையா? ஓம். கேட்டதையே திருப்பிக் கேட்கிறாரா? ஓம் என்றேன். அவர் பேனையை மேசையில் வைத்தார். "மூளை குலுங்கியிருக்கிறது. அது ஆறுவதற்குள் இன்னோர் அடி, சின்ன அடியாக இருந்தாலும்..." என்று தொடங்கி நிறுத்தி, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தச் சிநேகிதியிடம் சொல், இன்றைக்கே வீட்டில் சொல்லட்டும். அவர் விளையாடக் கூடாது." அந்தச் சிநேகிதி வியாழனும் சொல்லவில்லை, நேற்றுப் பகலும் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் எங்கள் வீட்டுக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். குகன் அண்ணை இரண்டு பற்றரி சார்ஜ் பண்ணி வைத்திருக்கிறாராம், ஒரு நொடியும் விடாமல் எடுப்பாராம். செந்தாடிக்காரன் விளையாடுகிற அணி தோற்றுப்போனாலும், நாளைக்கு எதிரே வருகிறவர்களும் அதே மாதிரித்தான் சுழற்றுவார்கள் என்று ஒரு பேச்சு. அப்படிச் சுழற்றினால் குற்றமா இல்லையா என்று மறுபடி தொடங்கியது. ராசா அங்கிள் திடீரென்று அண்ணாவின் பக்கம் திரும்பினார்.

"அது கிடக்கட்டும். தம்பி, உன்ர தலை எப்பிடி?"

ஒரு கிழமையில் என்னைத் தவிர அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். என் வாய் திறந்தது.

"தலை தலையாத்தான் இருக்குது அங்கிள்," என்றான் அண்ணா. எல்லோரும் சிரிக்க, "பிள்ளை, சீனி கொண்டா" என்று அம்மா கூப்பிட்டார். நான் சீனி எடுக்கப் போனேன்.

இனிப் புத்திமதி. எனக்கு யார் அனுமதி தந்தது என்று கேட்காதே. நீ ஏதாவது விளையாடு, மகனே. நான் மறிக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அண்ணா அந்தப் பந்துக்காக எழும்புகிறபோது ஒரு கணம் மேலேயே நிற்பான், இறங்க மறந்தவன் மாதிரி. அதைக் கண்டவள் யாரையும் விளையாடாதே என்று சொல்லமாட்டாள். குகன் அண்ணை பிழையானவர் இல்லை. அந்த ரக்கிள் சட்டப்படி சரி. ராசா அங்கிளும் பிழையானவர் இல்லை. அந்தச் சட்டம் போதாது, கையைக் கட்டி எறிவதை என்றோ ஒரு நாள் தடை செய்வார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் கேட்பது வேறு. யாராவது விழுந்தால் முதலில் விழுந்தவனைப் பார். விசில் ஊதினவரைப் பிறகு பேசலாம், அவர் எங்கேயும் போகமாட்டார். உனக்கு அடிபட்டால் என்னிடம் சொல். நான் சந்தோஷமாக இருக்கிறேனே என்பதற்காக மறைக்காதே. நான் சிரிக்கிற முகத்தைக் கெடுக்க உனக்குப் பயமாக இருந்தால், அந்தப் பயம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள். உன் தங்கைக்கோ தம்பிக்கோ என் தலைமேல் சத்தியம் செய்து கொடுக்காதே. கொடுத்துவிட்டாயானால், மீறு. என் அம்மாவை இப்போது எழுப்பி, 'உங்கட தலையோ அண்ணாவின்ர தலையோ?' என்று கேட்டால் அவர் கேள்வி முடிய முன்னமே பதில் சொல்லிவிடுவார். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஐந்து நாள் எடுத்தது. எழுத எழுதத்தான் விளங்கியது.

இருந்தும் எழும்ப மனம் வரவில்லை. அவன் காலமைக்கு என்று தோய்த்து மடித்து வைத்த விளையாட்டுச் சட்டை கதிரையில் கிடக்கிறது. அதைப் பார்த்தால் என்னை அவன் வாழ்நாள் முழுவதும் மன்னிக்கமாட்டான் என்று தெரிகிறது. இதை எழுதிவிட்டுச் சோபாவுக்குப் போனேன். இந்த முறை தொட்டேன்.

"அண்ணா."

அவன் எழும்பி இருந்தான். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தானா, எனக்குப் பின்னால் பார்த்தானா தெரியவில்லை. பிறகு கையைத் தூக்கி என் தோளில் வைத்தான். அந்தக் கசற்றில் வைத்த மாதிரியே, மெதுவாக, முழுப் பாரத்தையும் தந்து.

"ஆர் வெண்டது?" என்று கேட்டான்.

"நாங்கள்தான்," என்றேன்.

"நல்லது," என்று சொல்லிவிட்டுச் சரிந்து படுத்தான். அவன் யாருடைய தோளில் கை வைத்தான் என்று எனக்குத் தெரியாது.

அப்பாவின் மணிக்கூடு அடித்துவிட்டது. பேப்பர் போடுகிற நேரம். குளியலறையில் அவர் இருமுவது கேட்கிறது. வெளியே வந்ததும் இந்த வெளிச்சத்துக்குக் கீழே என்னைக் காண்பார், அண்ணாவை எழுப்பு என்பார். நான் சப்பாத்துப் போட்டுவிட்டேன். இன்றைக்கு நான் அவரோடு போவேன், பேப்பர் போட இல்லை. சோபாவில் இருக்கிறவனையும் வானில் ஏற்றிக்கொண்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வேன். எங்கே தொடங்குவது என்று யோசித்து ஒரு வசனம் வைத்திருக்கிறேன்: 'அப்பா, அண்டைக்கு விசிறியைப் போட்டது நான்தான்.' அவருக்கு ஒன்றும் விளங்காது. விளங்கும் வரைக்கும் சொல்வேன். கத்தினாலும் சொல்வேன், அம்மா எழும்பி வந்தாலும் சொல்வேன்.

நீ இதை வாசிக்கிற நாளில், உன் மாமாவிடம் போய் அந்த இறுதி ஆட்டத்தில் யார் வென்றது என்று கேள். அவன் விளையாடவில்லை என்பான், கோபமாகத்தான் சொல்வான், உன் அம்மாவைப் பேசுவான். நீ அவன் பக்கத்தில் இருந்து முழுவதையும் கேள்.

குளியலறைக் கதவு திறக்கிறது.

உன் அம்மா